பழைய பெட்டிக்குள் கிடப்பதும் அமானிதம்தான்

பெற்றோர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் புறக்கோட்டை வர்த்தக உறவுகளுக்கும் ஒரு நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பகுதியில் ஒரு கடை கைமாறும்போதும், ஒரு பாடசாலைக்குப் புதிய கணினிகள் கிடைக்கும்போதும், ஒரு பள்ளிவாசல் காரியாலயம் திருத்தப்படும்போதும் நடப்பது ஒன்றுதான். பழைய கணினிகள் வாசலுக்கு வரும். பழைய இரும்புக்காரர் வருவார். நிறுத்துப் பார்த்து ஒரு விலை சொல்வார். இடம் காலியானதே போதும் என்று நாமும் கொடுத்துவிடுவோம். அந்தப் பெட்டிக்குள் 15 வருடக் கடன் கணக்கு இருந்ததா, மாணவர் பதிவு இருந்ததா, நிக்காஹ் பதிவின் பிரதி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "அது இனி ஓடாது சேர், அதிலிருந்து ஒன்றும் எடுக்க ஏலாது" என்று ஒரு பதில் வரும்.

எடுக்க முடியும். அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறோம். பெரும்பாலான நேரம் அதற்குத் தேவை ஒரு கேபிளும், ஒரு இலவச மென்பொருளும், பொறுமையும்தான். ஒரு பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்குத் தகவலைக் கொண்டு வரும் கலை 40 வருடங்களுக்கு மேல் பழையது. அதை எங்கள் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதும், அதைச் செய்யாமல் எந்தப் பெட்டியையும் இரும்புக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் எங்கள் கருத்து.

முதலில் கொஞ்சம் வரலாறு.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கணினி என்றால் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த ஒரு பொருள். 1960களிலும் 70களிலும் அப்படி இல்லை. ஒரு மண்டபத்தை நிறைக்கும் பெரிய இயந்திரங்கள் ஒருபுறம் இருக்க, அவற்றைவிடச் சிறிய, ஒரு குளிர்சாதனப் பெட்டி அல்லது அலுமாரி அளவிலான இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு மினி கணினி என்று பெயர். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கோர்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1965இல் பீ.டீ.பீ.-8, 1970இல் பீ.டீ.பீ.-11, 1977இல் வாக்ஸ் என்று வரிசையாக வெளியிட்டது. பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் வங்கிகளும் அவற்றை வாங்கின.

அந்த அலுமாரிக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. அதிலிருந்து கம்பிகள் பல மேசைகளுக்குப் போகும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு டெர்மினல் இருக்கும். திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட ஒரு கருவி அது. அதற்குச் சொந்த மூளையும் இல்லை, சேமிப்பும் இல்லை. நீங்கள் அழுத்தும் எழுத்து கம்பி வழியே இயந்திரத்துக்குப் போகும். அது அனுப்பும் எழுத்து திரையில் விழும். 1978இல் வந்த வீ.டீ.100 என்ற டெர்மினல் மிகப் பிரபலமானது. ஒரு வரியில் 80 எழுத்து, திரையில் 24 வரி. இன்றைக்கு லினக்ஸில் கறுப்பு ஜன்னலைத் திறக்கிறோமே, அது இன்னும் அந்த வீ.டீ.100இன் பாஷையைத்தான் பேசுகிறது. இப்படி ஒரு சாதாரணக் கணினியை டெர்மினல் போல நடிக்க வைப்பதைத்தான் டெர்மினல் மென்பொருள் என்கிறோம்.

இந்தியாவுக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்திய ரயில்வேயின் ஆசனப் பதிவு 1980களின் நடுவில் கணினிக்கு மாறியபோது, பின்னால் நின்றது வாக்ஸ் இயந்திரம்தான். எழும்பூரிலோ சென்னை சென்ட்ரலிலோ பதிவுக் கவுண்டரில் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் டெர்மினல்தான்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். 1980 வாக்கில் சிறிய கணினிகள் மேசைக்கு வந்தன. பெரிய இயந்திரத்தில் இருப்பதை இந்தச் சிறியதில் எடுத்து ஒரு ஃப்ளொப்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி? இரண்டுக்கும் பொதுவாக இருந்தது டெர்மினல் கம்பி ஒன்று மட்டுமே. ஆனால் அந்தக் கம்பி மனிதர் தட்டச்சு செய்வதற்காக ஏற்பட்டது. அதில் சில எழுத்துகளுக்கு விசேட அர்த்தம் உண்டு. 19 என்ற எண்ணுக்குரிய எழுத்து போனால் "நிறுத்து" என்று அர்த்தம். 17 போனால் "தொடரு". உங்கள் கோப்புக்குள் தற்செயலாக ஒரு 19 இருந்தால், அனுப்பும் இயந்திரம் அப்படியே நின்றுவிடும். சில கம்பிகளில் 8 பிட்டுக்குப் பதிலாக 7 பிட்தான் போகும். தொலைபேசி வழியாகப் போனால் இரைச்சலில் எழுத்துகள் கெட்டுவிடும்.

1981இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூஸ், பில் கெச்சிங்ஸ் ஆகியோர் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். மாணவர்களுக்குப் பெரிய இயந்திரத்தில் போதிய இடமில்லை, தங்கள் கோப்புகளை ஃப்ளொப்பிக்கு மாற்ற வழி வேண்டும், இதுதான் அவர்களுடைய தேவை. பொம்மலாட்ட நிகழ்ச்சியில் வந்த தவளையின் பெயரையே, உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, அதற்கு வைத்தார்கள்: கெர்மிட்.

கெர்மிட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புறக்கோட்டைக்காரர்களுக்கு விளக்குவது லேசு.

மெயின் வீதியில் ஒரு மொத்தக் கடையிலிருந்து கல்முனைக்குச் சாமான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நாட்டாமியால் தூக்க முடியாது. சிறு பொதிகளாகக் கட்டுவோம். ஒவ்வொன்றிலும் இலக்கம் போடுவோம். உள்ளே எத்தனை உருப்படி என்று எழுதுவோம். முதலில் ஒரு துண்டில் "இன்ன கடைக்கு, இன்ன சாமான்" என்று போகும். கடைசியில் "இத்துடன் சரி" என்று ஒரு துண்டு. அங்கே வாங்குபவர் ஒவ்வொரு பொதியையும் எண்ணிப் பார்த்துக் கையொப்பம் வைப்பார். எண்ணிக்கை பிழைத்தால் "திருப்பி அனுப்பு" என்பார்.

கெர்மிட்டும் அவ்வளவுதான். கோப்பை 100 எழுத்துக்கும் குறைவான பொதிகளாக உடைக்கிறது. ஒவ்வொரு பொதியிலும் நீளம், வரிசை எண், வகை, உள்ளடக்கம், கடைசியில் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை. வகை என்பது ஒற்றை எழுத்து: எஃப் என்றால் கோப்பின் பெயர், டி என்றால் தரவு, இஸட் என்றால் கோப்பு முடிந்தது. பெறும் பக்கம் கூட்டிப் பார்க்கும். சரி என்றால் வை என்று பதில், பிழை என்றால் என் என்று பதில். என் வந்தால் அதே பொதி மறுபடி போகும். ஆபத்தான அந்த 19ஆம் எழுத்தை நேரடியாக அனுப்பாமல், முன்னால் ஒரு அடையாளக் குறியைப் போட்டு சாதாரண எஸ் எழுத்தாக மாற்றி அனுப்பும். அந்தப் பக்கம் திரும்ப அதை 19 ஆக்கிக்கொள்ளும். கம்பிக்கு வெறும் சாதாரண எழுத்துகள்தான் தெரியும்.

ஹிப்ழு மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இன்னும் லேசாக விளங்கும். பிள்ளை ஓதுகிறது, உஸ்தாத் கேட்கிறார். ஒரு எழுத்து பிசகினால் "திருப்பி ஓது" என்கிறார். சரியாக வரும்வரை அடுத்த வசனத்துக்குப் போக விடுவதில்லை. இப்படிக் கேட்டுச் சரிபார்த்துத்தான் ஒரு நெஞ்சிலிருந்து இன்னொரு நெஞ்சுக்குப் போனது. அறிவைக் கடத்துவது என்றால் சரிபார்த்துக் கடத்துவது என்று எங்கள் முன்னோர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கெர்மிட் இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் அதன் வேகம் அல்ல. வேகமான வேறு முறைகள் இருந்தன. வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மொடம் முறை அதைவிட எளிமையானது. ஆனால் எக்ஸ்மொடத்துக்கு 8 பிட்டும் எந்தத் தடையும் இல்லாமல் போகும் சுத்தமான கம்பி வேண்டும். கெர்மிட் மோசமான கம்பியையும் மோசமான இயந்திரத்தையும் எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அதன் விதிகளை எழுதியவர்கள் ஒளித்து வைக்கவில்லை. புத்தகமாகவே வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் இயந்திரத்துக்கு எழுதலாம் என்றார்கள். பீ.டீ.பீ.-11க்கும் வாக்ஸுக்கும் ஐ.பீ.எம்.முக்கும் நூற்றுக்கணக்கான வேறு இயந்திரங்களுக்கும் பலர் எழுதினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் 2011இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியபோதும் மென்பொருள் திறந்த உரிமத்தில் வெளியே விடப்பட்டது. இன்றும் யாரும் தரவிறக்கலாம். ஒளித்து வைத்த முறைகள் கம்பனியோடு போய்விட்டன. எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த முறை பிழைத்தது.

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். எங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இலங்கைக்குக் கணினி 1960களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. ஆனால் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது 1990 வாக்கில். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்நின்று லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். அதுவே பின்னர் லேர்ன் என்ற பல்கலைக்கழக வலையமைப்பாக வளர்ந்தது. அப்போது நாட்டில் இன்டர்நெட் இல்லை. சாதாரண தொலைபேசி, ஒரு மொடம், யூ.யூ.சீ.பீ. என்ற கோப்புக் கடத்தும் மென்பொருள். யூ.யூ.சீ.பீ.யை 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் எழுதினார். ஒரு யூனிக்ஸ் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பைப் பிரதி பண்ணுவதுதான் அதன் முழு வேலையும்.

அதன் நடைமுறையும் எங்கள் லொறிச் சேவை மாதிரிதான். கடிதங்கள் வர வர இயந்திரம் சேர்த்து வைக்கும். குறித்த நேரத்தில் மற்ற இயந்திரத்துக்குக் கோல் எடுக்கும். சேர்ந்த பொதி எல்லாவற்றையும் ஒரே தடவையில் இறக்கும், அங்கே காத்திருப்பதை ஏற்றிக்கொண்டு வரும், லைனைத் துண்டிக்கும். காலையில் எழுதிய கடிதம் அடுத்த லொறிக்காகக் காத்திருக்கும். இந்த நாட்டின் மின்னஞ்சல் இப்படித்தான் தொடங்கியது. மெதுவான, விலை கூடிய, அடிக்கடி அறுந்துபோகும் லைன்களை வைத்துக்கொண்டு எங்கள் நாட்டவர்களே கட்டியெழுப்பிய வேலை அது. எங்கள் ஐ.சீ.டீ. வகுப்புகளில் இதை ஒரு பாடமாகச் சொல்ல வேண்டும்.

பிரதி எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கெர்மிட் முதன்முதலாக ஓடியது 1981 ஏப்ரல் இறுதியில். அதற்கு ஒரு மாதம் கழித்து, மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. அந்த இழப்பின் வலியை உணர்ந்தவர்கள்தான் பின்னர் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வருகிறார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். உடுத்த உடையோடு வந்தவர்கள் காணி உறுதியை எங்கே எடுப்பது? புத்தளம் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழுக்கும் காணிக்கும் பாடசாலைச் சான்றிதழுக்கும் பட்ட பாட்டை அவர்களிடமே கேளுங்கள். 2004 டிசம்பரில் கடல் வந்தபோது கிழக்கில் அதே கதை. ஒரே பிரதி, ஒரே இடம், ஒரே நாளில் போய்விடும். எதிரி தேவையில்லை, தண்ணீர் போதும். தண்ணீரும் தேவையில்லை, பழைய இரும்புத் தராசு போதும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்தைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். கெய்சர் வீதிப் பக்கம் ஒரு மொத்தக் கடை. கடையை ஆரம்பித்த வாப்பா மௌத்தாகிவிட்டார். 1990களில் எழுதுவித்த ஒரு டொஸ் கணக்கு மென்பொருளில்தான் கடைசிவரை கடன் கணக்கு வைத்திருந்தார். யாருக்கு அவர் கொடுக்க வேண்டும், யார் அவருக்குத் தர வேண்டும், எல்லாம் அந்தப் பெட்டிக்குள். ஜனாஸா முடிந்த பிறகு மக்கள் பெட்டியைத் திறந்தால், பிரின்டர் வேலை செய்யவில்லை, ஃப்ளொப்பி ஓடவில்லை, யூ.எஸ்.பீ. என்ற ஒன்றே அதில் இல்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்றைய அடாப்டரில் மாட்டிப் பார்த்தார்கள், அது அவ்வளவு பழைய டிஸ்கை அடையாளம் காணவில்லை. கணினி திருத்தும் ஒருவர் "போட்டுவிடுங்கள்" என்றார்.

எங்கள் பழைய மாணவர் ஒருவரும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவரும் போனார்கள். பின்னால் ஒரு சீரியல் போர்ட் நல்ல நிலையில் இருந்தது. இரண்டு பக்கமும் மாறி இணைக்கும் நல் மொடம் கேபிள் ஒன்று, மடிக்கணினிக்கு யூ.எஸ்.பீ. சீரியல் அடாப்டர் ஒன்று. ஆனால் பழைய பெட்டியில் கெர்மிட் இல்லையே, ஃப்ளொப்பி இல்லாமல் அதை எப்படி உள்ளே ஏற்றுவது? அந்தச் சிக்கலுக்கும் கெர்மிட் குழுவினர் 1980களிலேயே வழி வைத்திருந்தார்கள். முழு மென்பொருளையும் வெறும் எழுத்துகளாக மாற்றிய ஒரு கோப்பு உண்டு. அதைத் திரும்ப மென்பொருளாக்கும் சின்னஞ்சிறு பேசிக் நிரலும் உண்டு. அந்த நிரலைப் பிள்ளைகள் கையால் தட்டினார்கள். எழுத்துக் கோப்பைக் கம்பி வழியே அனுப்பினார்கள். பெட்டிக்குள் கெர்மிட் பிறந்தது. பீ.டீ.பீ.-11 வைத்திருப்பவர்களும் இதே உபாயத்தைத்தான் பாவிக்கிறார்கள்.

9600 வேகத்தில் ஒரு செக்கனுக்கு 960 எழுத்துதான் போகும். கணக்குக் கோப்புகள் ஏறத்தாழ 6 எம்.பீ. பொதி, பதில், பொதி, பதில் என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோவுக்குக் காணாத அளவு அது. ஆனால் அந்த 6 எம்.பீ.க்குள் ஒரு மனிதரின் கடன் முழுவதும் இருந்தது.

மௌத்தானவரின் சொத்தைப் பங்கிட முன்னர் அவருடைய கடனைத் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று கட்டளையிடும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்டது. அந்த மக்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய்க் கொடுத்தார்கள். வாங்கிய சிலருக்கே அந்தக் கடன் மறந்து போயிருந்தது. பெட்டியை இரும்புக்குப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பாடசாலைகளுக்கு வருவோம். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. அதன் பெயர் பாமினி.

20, 25 வருடங்களாக எங்கள் தமிழ்மொழிப் பாடசாலைகளில் வினாத்தாள், கடிதம், பரிசளிப்பு விழா மலர், பெரும்பாலும் எல்லாமே பாமினி எழுத்துருவில் அடித்தவைதான். பாமினி திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று நீங்கள் பார்ப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா காணாமல் போய்விடுவார். கூகுளில் தேடினாலும் கிடைக்கமாட்டார். யுனிகோட்டில் 1991ஆம் ஆண்டிலிருந்தே தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. இருந்தும் நாம் இன்றைக்கும் பாமினியில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கோப்பு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. பொதி வந்துவிட்டது, திறந்தால் உள்ளே இருப்பதை யாராலும் வாசிக்க முடியாது என்றால் வந்து என்ன பயன்? 1986இல் பிரித்தானியாவின் பீ.பீ.சீ. நாடு முழுவதையும் பதிவு செய்து விசேட லேசர் தட்டுகளில் போட்டது. 15 வருடங்களுக்குள் அவற்றை வாசிக்கும் இயந்திரம் கிடைப்பதே அரிதாகி, மீட்பதற்குத் தனி ஆராய்ச்சித் திட்டம் தேவைப்பட்டது. அதே நாட்டில் 1086இல் தோலில் எழுதிய பதிவேடு இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. மறுபக்கம், யூனிக்ஸின் முதல் பதிப்புகளில் ஒன்றை 2008இல் ஆர்வலர்கள் உயிர்ப்பித்தது ஒரு பழைய கடதாசி அச்சுப் பிரதியைப் பார்த்துத்தான். யாரும் வாசிக்கக்கூடிய எளிய எழுத்தாக இருப்பதே கடைசியில் மிஞ்சுகிறது.

"இந்தக் காலத்தில் டெர்மினலும் சீரியல் கேபிளும் படித்துப் பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டோஹாவிலும் துபாயிலும் நெட்வேர்க் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். புதிய ரூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், அல்லது கோளாறாகி அது வலையமைப்பில் தெரியாமல் போனதும், முதலில் செய்வது கொன்சோல் கேபிளை மாட்டி டெர்மினல் மென்பொருளைத் திறப்பது. பல ரூட்டர்களில் வேகம் இன்றைக்கும் அதே 9600. உயர்தரத்தில் தரவுத் தொடர்பாடலை மனப்பாடம் செய்யும் பிள்ளை, ஒரு பொதி கெட்டு மறுபடி வருவதைத் திரையில் ஒருமுறை கண்ணால் கண்டால் பிறகு மறக்காது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு விநாடியும் நடப்பதும் அதே பொதி, அதே இலக்கம், அதே பதில்தான். வேகத்தில் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மினி கணினி எங்கள் பாடசாலையில் இல்லையே என்றால், அதற்கும் வழி உண்டு. பொப் சப்னிக் என்பவர் 1993இல் தொடங்கிய சிம்எச் என்ற இலவச மென்பொருள் ஒரு சாதாரண மடிக்கணினியை பீ.டீ.பீ.-11 ஆக நடிக்க வைக்கும். அதில் ஒரு டெர்மினலைத் திறந்து, கெர்மிட்டில் ஒரு கோப்பை அனுப்பி வாங்குவது ஒரு சனிக்கிழமை வேலை. ஒரு சதமும் செலவில்லை.

"எல்லாம் ஃபோனில் இருக்கிறது, கிளவுடில் இருக்கிறது" என்று இன்னொரு பதில். கிளவுடின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? வாப்பாவுக்கு மட்டும். அவரோடு அதுவும் கபுறுக்குப் போகிறது. திரையை ஃபோனில் படம் எடுத்து வைப்பதும் பிரதி அல்ல. 4,000 வரிக் கணக்கைப் படத்தில் கூட்டிப் பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருப்பது அமானிதம் என்றால், அது இரண்டு பக்கமும் வெட்டும். ஒரு குடும்பத்தின் தலாக் விவகாரம், ஒரு ஏழைக்குக் கொடுத்த ஸகாத், ஒரு பிள்ளையின் ஒழுக்கக் குறிப்பு, இவை ஊருக்குத் தெரிய வேண்டியவை அல்ல. எடுக்க வேண்டியவரே எடுக்க வேண்டும், பார்க்க வேண்டியவரே பார்க்க வேண்டும். எடுத்துச் சரிபார்த்த பிறகு பழைய டிஸ்கை முழுமையாக அழித்துவிட்டே இரும்புக்குக் கொடுக்க வேண்டும். உதவிக்கு வரும் மாணவர்களுக்கும் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே எங்கள் யோசனைகள் இவை.

1. பழைய கணினி எதையும் உடனே கொடுக்காதீர்கள். ஒரு கிழமை பொறுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

2. ஒவ்வொரு பாடசாலை ஐ.சீ.டீ. கழகமும் ஒரு மேசையை இதற்கென்று ஒதுக்கட்டும். சீரியல் போர்ட்டும் ஃப்ளொப்பியும் உள்ள ஒரு பழைய கணினி, இரண்டு கேபிள், ஒரு அடாப்டர், மென்பொருட்கள். பெரும்பாலானவை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் கிடைக்கும். பழைய மாணவர் சங்கங்களுக்கு இது பெரிய செலவே அல்ல.

3. எடுத்ததைச் சரிபாருங்கள். எத்தனை கோப்பு, எத்தனை வரி, கூட்டுத்தொகை எவ்வளவு. இரண்டு பக்கமும் ஒத்துவந்தால்தான் வேலை முடிந்தது.

4. மூன்று பிரதி வையுங்கள். ஒன்றாவது கொழும்புக்கு வெளியே, கண்டியிலோ அக்குறணையிலோ ஒரு உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

5. பாமினியில் உள்ளதை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு ஆசிரியர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். இந்த வருடத்திலிருந்து புதிய வினாத்தாள் எதையும் பாமினியில் அடிப்பதில்லை என்று அதிபர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து முடிவெடுப்போம்.

6. பள்ளிவாசல் நிர்வாக சபைகள் தங்கள் பதிவேடுகளின் பிரதி எங்கே இருக்கிறது, யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது என்பதை ஒரு கூட்டத்தில் எழுதிப் பதிந்து வைக்கட்டும்.

புறக்கோட்டை தலைமுறை தலைமுறையாகச் சாமானை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பத்திரமாக மாற்றியே வாழும் ஊர். எண்ணாமல் வாங்கமாட்டோம், கையொப்பம் இல்லாமல் கொடுக்கமாட்டோம். சேலைக் கட்டுக்கும் வெங்காய மூட்டைக்கும் செய்வதை எங்கள் கணக்குக்கும் பிள்ளைகளின் பதிவுக்கும் செய்யாமல் விடுவது சரியா?

வரும் தவணை விடுமுறையில், உங்கள் கடையிலோ வீட்டுப் பரணிலோ பள்ளிவாசல் அலுமாரியிலோ ஒரு பழைய பெட்டி கிடந்தால், பக்கத்துப் பாடசாலையின் ஐ.சீ.டீ. ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஓடுகிறதா என்று அவசரப்பட்டு பவர் போட்டுப் பார்க்க வேண்டாம். பல வருடம் கிடந்த பெட்டியை முதலில் தூசு தட்டித் திறந்து பார்க்க வேண்டும். வேறு முறையில் இதைச் செய்தவர்கள் கீழே எழுதுங்கள், எங்களுக்கும் படிக்கக் கிடைக்கும். கடை வைத்திருக்கும் நானாமாருக்கு இதைப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.